‘த வெடிங் பேங்குவெட்’: படத்துக்கு முன்னும் பின்னும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாங்கள் சில பேர் சேர்ந்து உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையில் படம் பார்ப்போம். அப்படிப் பார்த்ததில் ஆகக் கூடுதலாகக் கேள்வி கிளப்பியது அங் லீ இயக்கிய இந்த 1993ஆம் ஆண்டுப் படம்தான். ஒரே பதிலை வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் நொந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பதில்களில் இருக்கும் அபிப்பிராயம் என்னுடையது. விறாந்தையில் இருந்த எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

முதல் மூன்று கேள்விகளை யாரும் வாசிக்கலாம். அதற்குக் கீழே கதையின் முடிவு வரைக்கும் கிடக்கிறது.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கோ.

வை-துங் தாய்வான்காரன். நியூயோர்க்கில் கட்டடம் வாங்கி வாடகைக்கு விட்டு நல்ல வசதியாக இருக்கிறான். சைமன் என்ற அமெரிக்கனோடு ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறான். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு இது தெரியாது. அம்மா கசெட்டில் பேசிப் பதிந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார்: எப்போது கல்யாணம், எப்போது பேரப்பிள்ளை? இன்னொரு பக்கம், வை-துங்கின் கட்டடத்தில் வாடகை கட்ட முடியாமல் வெய்-வெய் என்ற சீனத்து ஓவியப்பெண் இருக்கிறாள். அவளுக்கு அமெரிக்காவில் நிற்க கிறீன் கார்ட் வேண்டும். சைமன்தான் யோசனை சொல்கிறான்: நீங்கள் இரண்டு பேரும் பேருக்குக் கல்யாணம் கட்டுங்கள், அவளுக்கு விசா, உனக்கு வரிச் சலுகை, அப்பா அம்மாவுக்குச் சமாதானம். நல்ல திட்டம்தான். அப்பாவும் அம்மாவும் விமானம் ஏறி நேரிலேயே வந்து இறங்குவார்கள் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இது ‘அந்த மாதிரி’ படமா? வீட்டு ஆட்களோடு இருந்து பார்க்கலாமா?

முத்தம் உண்டு. சட்டை கழற்றுவது உண்டு. விருந்து இரவில் பச்சைப் பகிடிகள் நிறைய உண்டு. அதைத் தாண்டிக் கண்ணைப் பொத்த வேண்டிய காட்சி இல்லை. நாங்கள் காட்டியபோது ஒரு பெரியம்மா முன் கதிரையில் இருந்து முழுதாகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது ஒரே இடத்தில்: மருமகளாக வந்தவளுக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியவில்லை, சைமன் சமைத்ததை அவள் சமைத்ததாகக் காட்டுகிறார்கள். “அந்தப் பொடியன் வடிவாச் சமைக்கிறான், அவனையே வச்சிருக்கலாம்” என்றார். படம் முடியும் முன்னே படத்தின் தீர்ப்பையே சொல்லிவிட்டார் பெரியம்மா.

1993 படமா, அதே பெயரில் 2025இல் வந்ததா? எதை முதலில் பார்ப்பது?

பழையதை. இரண்டு படத்துக்கும் திரைக்கதையில் கைவைத்த ஜேம்ஸ் ஷேமஸ் பொது. ஆனால் கதை வெகுவாக மாறிவிட்டது. அன்ட்ரூ ஆன் இயக்கிய புதிய படத்தில் இரண்டு ஜோடி: லிலி கிளாட்ஸ்டனும் கெலி மரீ ட்ரானும் ஒரு ஜோடி, போவன் யாங்கும் ஹான் கி-சானும் மற்றது. பெண்கள் இருவரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக் காசு கரைந்து நிற்கிறார்கள். கொரியப் பொடியனுக்கு விசாச் சிக்கல். நான் சிகிச்சைச் செலவைக் கட்டுகிறேன், நீ என்னைக் கட்டு என்று பேரம் முடிகிறது. பிறகு கொரியாவிலிருந்து அப்பம்மா வந்து இறங்குகிறார். அந்த அப்பம்மா யூன் யோ-ஜோங். அவருக்காக மட்டுமே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் பழைய படத்தில் பொய் மெல்ல மெல்ல வீங்கிக்கொண்டு போகும். புதியதில் அப்பம்மா வந்த கொஞ்ச நேரத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிடுகிறார். அது வேறு வகைச் சுவை. வெய்-வெய்யின் பாடு தெரியாமல் புதியதைப் பார்த்தால், அது எதற்குப் பதில் சொல்கிறது என்பது பிடிபடாது.

நியூயோர்க், தாய்வான், சீனம்... திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இதில என்ன கிடக்கு?

எனக்குச் சிரிப்பு வரவைக்கிற கேள்வி இதுதான். வெளிநாட்டில் பிள்ளை, ஊரில் அப்பா அம்மா, நடுவில் தொலைபேசி: இந்தக் கோலத்தில் இல்லாத ஒழுங்கை எங்கள் ஊரில் எது? கோணேசர் கோயில் பக்கம் சேலை கட்டி நின்று எடுத்த படம் ரொறன்ரோவுக்குப் போகிறது. அங்கேயிருந்து பனிக்குள் ஜக்கெட் போட்டு நிற்கிற படம் வருகிறது. சாதகம் பொருந்தினால் வீடியோவில் கதைக்கிறார்கள், ஒரு லீவில் வந்து கல்யாண எழுத்து முடிக்கிறார்கள், பிறகு ஸ்பொன்சர். தூதரகத்துக்கு ஆதாரம் வேண்டும் என்பதால் கல்யாண அல்பத்தைக் கொஞ்சம் தடிப்பாகவே அடிப்பார்கள். ‘பேப்பர் கல்யாணம்’ என்று சொன்னால் இங்கே விளக்கம் கேட்க ஆள் இல்லை.

படத்தில் ஓர் இடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அம்மா தாய்வானில் ஒரு கல்யாணச் சேவையில் மகனைப் பதிந்து, என்ன மாதிரிப் பெண் வேண்டும் என்ற படிவத்தை அனுப்பிவிடுகிறார். வை-துங்கும் சைமனும் சேர்ந்து, ஒருத்தியும் அகப்படக் கூடாது என்று நினைத்தே நிரப்புகிறார்கள்: இரண்டு கலாநிதிப் பட்டம், ஐந்து மொழி, நல்ல உயரம், ஒபெரா பாடத் தெரிய வேண்டும். அப்படியும் ஒருத்தியைத் தேடிப் பிடித்து அனுப்பிவைக்கிறார்கள். அவள் வந்து இருந்து பாடியும் காட்டுகிறாள். அவளுக்கும் வீட்டுக்குச் சொல்லாத ஒரு வெள்ளைக்காரக் காதலன் இருக்கிறான் என்பது பிறகு தெரியவருகிறது. எங்கள் ஊர்த் தரகர்மாரின் திறமையைக் கண்டவர்களுக்கு இது மிகையாகவே தெரியாது.

தன்பாலீர்ப்புள்ள ஆட்கள் மட்டும்தான் வீட்டுக்குப் பொய் சொல்லிக் கல்யாணம் கட்டுகிறார்கள் என்று படம் நினைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வை-துங்கின் அப்பாவே, தன் தகப்பன் பேசிவைத்த கல்யாணத்துக்குத் தப்பி ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அதைத் தன் வாயாலேயே மகனுக்குச் சொல்கிறார்.

ஆட்களைக் குழப்பிக்கொள்கிறேன். யார் யாருக்குப் பொய் சொல்கிறார்கள்?

முதலில் மூன்று இளசுகள் சேர்ந்து பெரியவர்கள் இரண்டு பேருக்கும் பொய் சொல்கிறார்கள். பிறகு வை-துங் ஆஸ்பத்திரியில் வைத்து அம்மாவிடம் உண்மையைச் சொல்ல, அம்மா அப்பாவுக்கு மறைக்கிறார். அப்பாவோ எல்லாம் தெரிந்தும் அம்மாவுக்கும் மகனுக்கும் மறைக்கிறார், அதற்குச் சைமனைக் கூட்டுச் சேர்க்கிறார். கடைசியில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் மற்றவருக்குத் தெரியும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. குழப்பம் உங்கள் பக்கம் இல்லை.

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது?

படம் நாளும் நேரமும் சொல்லவில்லை. அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. வீட்டில் இருந்த ஜோடிப் படங்களை ஒளித்துவிட்டு, அவர் எழுதிய சீன எழுத்துச் சுருள்களைச் சுவரில் தொங்கவிட்டு, சைமனை ‘வீட்டுச் சொந்தக்காரன்’ ஆக்கிவைத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் கட்டளையிட்ட மனிசன் ஒரு வீட்டைப் பார்த்தால் யார் எதை எங்கே வைக்கிறான் என்று கவனிக்க மாட்டாரா? போதாக்குறைக்கு, பெரியவர்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்ற துணிவில் மூன்று பேரும் அவர்கள் முன்னாலேயே ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறார்கள். (எங்கள் வீடுகளிலும் இது நடக்கிறது. அம்மம்மாமாருக்கு விளங்குகிற ஆங்கிலத்தின் அளவை யாரும் அறிந்தது கிடையாது.)

தெரிந்துவிட்டது என்று காட்டுகிற காட்சிதான் படத்தின் உயிர். சைமனின் பிறந்தநாள். அப்பாவும் அவனும் நடந்துபோய்த் தண்ணீர்க் கரையில் இருக்கிறார்கள். கிழவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கடித உறையை எடுத்து நீட்டுகிறார். சீனக் குடும்பங்களில் அது பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கிற உறை. வெய்-வெய்க்கு மருமகள் என்று கிடைத்ததும் அதே மாதிரி உறைதான். சைமனுக்கு முதலில் விளங்கவில்லை. கிழவர் பேசுவதோ ஆங்கிலத்தில். நான் பார்க்கிறேன், கேட்கிறேன், படிக்கிறேன், வை-துங் என் மகன், ஆகவே நீயும் மகன் என்கிற கருத்தில் நாலு துண்டு வசனம். சைமன் திகைத்து, வை-துங்கிடம் சொல்லட்டுமா என்று போனால், மூச்! ஒருவருக்கும் சொல்லாதே என்கிறார். ஏன்? அவர்கள் பொய் சொல்ல நான் விட்டிருக்காவிட்டால் எனக்குப் பேரப்பிள்ளை எங்கேயிருந்து வரும்?

எங்கள் விறாந்தையில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் “கள்ளக் கிழவன்” என்றார்கள். இரண்டும் சரி. அந்த ஒரு காட்சிக்குள்ளேயே அவர் மகனின் துணையை ஏற்றுக்கொள்கிறார், தனக்கு வேண்டியதையும் கறந்துகொள்கிறார். சிஹுங் லுங் என்ற நடிகர் முகத்தில் ஒரு தசையைக்கூட வீணாக்காமல் இதைச் செய்கிறார். அங் லீயின் முதல் மூன்று படங்களிலும் அப்பா இவர்தான்.

அம்மா ஏன் “அப்பாவுக்குச் சொல்லாதே” என்கிறார்?

அவர் மனிசனுக்கு ஏற்கெனவே பாரிசவாதம் வந்து போயிருக்கிறது. திரும்பவும் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் மகன் வாயைத் திறக்கிறான். அந்த நேரத்தில் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லுவார். சைமன்தான் உன்னைக் கெடுத்தானா என்றும் கேட்கிறார். ஊருக்கு ஊர் அம்மாமார் ஒரே கேள்வித்தாளை வைத்திருக்கிறார்கள் போல.

ஆனால் அப்பாவின் மனமாற்றத்தைப் பார்த்து உருகுகிறவர்கள் அம்மாவை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு யாரும் உறை கொடுத்து விடுதலை தரவில்லை. தனியே சுமந்துகொண்டுதான் விமானம் ஏறுகிறார்.

விருந்துக் காட்சி ஏன் இவ்வளவு நீளம்?

அதுதான் படத்தின் பெயரே. முதலில் கல்யாணம் நகர மண்டபத்தில் அவசர அவசரமாக முடிகிறது. வெய்-வெய் ஆங்கில உறுதிமொழியில் தடுமாறி, வறுமை வேண்டாம், வசதி மட்டும் போதும் என்கிற மாதிரிச் சொல்லிவைக்கிறாள். மகனின் கல்யாணம் இப்படி ஆனதே என்று அம்மா அழுகிறார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் நியூயோர்க்கில் சாப்பாட்டுக் கடை முதலாளியாக எதிர்ப்பட, “ஐயாவின் மகனுக்கு நான் விருந்து வைக்கிறேன்” என்று மண்டபத்தையே திறந்துவிடுகிறார். மறுக்க முடியுமா?

அதற்குப் பிறகு நடப்பது தெரிந்த கூத்து. மேசைக்கு மேசை போய்க் குடிக்க வேண்டும், கண்ணைக் கட்டி விளையாட வேண்டும், கடைசியில் கூட்டம் முதலிரவு அறைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. இடையில் ஒரு வெள்ளைக்காரர் வியந்துபோய்ச் சீனர்கள் சாதுக்கள் என்று நினைத்தேனே என்கிற மாதிரிக் கேட்க, பக்கத்தில் இருப்பவர், ஐயாயிரம் ஆண்டு அடக்கிவைத்த ஆசையின் விளைவு இது என்கிறார். அப்படிச் சொல்கிறவர் அங் லீதான். கண்ணை மூடினால் தவறவிடுவீர்கள்.

அந்த இரவில் நடந்தது சரியா?

சரியில்லை என்பது என் கட்சி. வை-துங் குடிவெறியில் கிடக்கிறான். வெய்-வெய்தான் தொடங்குகிறாள், என்ன செய்கிறாய் என்று அவன் கேட்கிறான், அவள் ஒரு பகிடி சொல்லிக் கடந்துபோகிறாள். 1993இல் அதைச் சிரிப்பாக எழுதினார்கள். ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், மண்டபத்தில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். படம் அந்த இடத்தில் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணியிருக்கிறது. கதைக்கு ஒரு கர்ப்பம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் வெய்-வெய் கெட்டவளா?

இல்லையே. அவளுக்குத்தான் ஆகப் பெரிய அநியாயம் என்பேன்.

மற்றவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஓர் இடம் இருக்கிறது. சைமனுக்கு வை-துங் இருக்கிறான், வை-துங்குக்கு ஆதனம் இருக்கிறது, அப்பாவுக்குப் பரம்பரை, அம்மாவுக்கு அப்பா. வெய்-வெய்க்கு இருந்தது ஒரு வேகிற மாடி அறையும் தூரிகையும்தான். அவளுக்கு வை-துங்கில் உண்மையாகவே ஒரு மனம் இருந்தது என்பது முதலிலிருந்தே தெரிகிறது. அவன் ஒருநாளும் தன் பக்கம் திரும்ப மாட்டான் என்று தெரிந்துகொண்டு அவன் மனைவியாக வேஷம் போடுகிறாள். மாமியார் அன்போடு நகை போட்டுவிடும்போது அவள் முகத்தைப் பாருங்கள். பொய்யான கல்யாணத்தில் அவளுக்குக் கிடைத்த அன்பு மட்டும் பொய்யில்லை.

பிறகு கர்ப்பம். கலைக்கத்தான் போகிறாள். போகிற வழியில் மனதை மாற்றிக்கொள்கிறாள். ஏன் மாற்றினாள் என்று ஒரு நேரான வசனம்கூடப் படம் அவளுக்குக் கொடுக்கவில்லை. தகப்பனுக்கு அத்தனை அழகான காட்சி எழுதியவர்களுக்கு இவளுக்கு ஒன்று எழுத நேரம் கிடைக்கவில்லை.

2023இல் வந்த மலையாளப் படம் ‘காதல் – த கோர்’ பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஜியோ பேபி இயக்கியது. மம்மூட்டி தன்பாலீர்ப்பை ஒளித்துக் குடும்பம் நடத்தும் கணவன், ஜோதிகா மனைவி. அங்கே விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறவளே மனைவிதான். ‘என் வாழ்க்கை என்ன ஆவது’ என்று ஒரு பெண் கேட்க முப்பது வருசம் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரிலும் மகனைக் ‘கல்யாணம் கட்டிவைத்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லும்போது, யாரைக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பிள்ளையும் ஒரு வீட்டில் வளர்ந்ததுதானே.

சைமன் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?

போகத்தான் பார்த்தான். வெய்-வெய் அவனையும் பிள்ளைக்கு ஒரு தகப்பனாக இருக்கக் கேட்கிறாள், நிற்கிறான். இதில் எனக்குப் பெரிய கேள்வி இல்லை. சமைக்கிறான், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறான், வந்தவர்களைக் கவனிக்கிறான். மருமகளுக்கென்று ஊர் வைத்திருக்கிற வேலை முழுதையும் செய்தவன் அவன்.

இவர்கள் இரண்டு பேரும் நேராகக் கல்யாணம் கட்டியிருக்கலாமே?

1993இல் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் முடியாது. நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 2015 ஜூன் 26இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால். தாய்வானில் 2019 மே 24இல் வந்தது, ஆசியாவிலேயே முதலாவது. ஆசியாவில் அந்த அப்பா அம்மாவின் நாடே முந்திக்கொண்டது என்பதை நினைத்தால் அந்தப் பொய்கள் எல்லாம் இன்னும் பாவமாகத் தெரிகின்றன.

இலங்கையில் நிலைமை என்ன?

ஒருபால் உறவைக் குற்றமாக்குகிற, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை. ஆண்களுக்கு மட்டுமாக இருந்த 365அ, 1995இல் திருத்தியபோது பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ‘திருத்தம்’ என்றால் இப்படியும் ஒன்று இருக்கிறது! இந்தப் பிரிவுகளை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. ஆனால் நிறைவேறாமலே 2024இல் அந்தப் பாராளுமன்றம் கலைந்தது. இந்தியாவில் இதே மாதிரியான 377ஆம் பிரிவு, வயதுவந்தவர்கள் விரும்பிச் சேர்கிற உறவுக்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்யாண உரிமையை 2023 ஒக்டோபரில் கொடுக்க மறுத்துவிட்டது.

இயக்குநரும் அப்படியா?

இல்லை. அங் லீ மனைவி பிள்ளைகளோடு வாழ்கிறவர். படிப்பு முடிந்து சுமார் ஆறு வருசம் வேலை இல்லாமல் வீட்டில் சமைத்துப் பிள்ளை பார்த்திருக்கிறார், மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது. படத்தில் சமையல் இத்தனை நுணுக்கமாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். திரைக்கதையை நீல் பெங், ஜேம்ஸ் ஷேமஸ் இருவரோடும் சேர்ந்து எழுதினார். பெங்கின் நண்பர் ஒருவரின் உண்மைக் கதைதான் விதை. ஏறக்குறைய பத்து இலட்சம் டொலரில் எடுத்த படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடியை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது, ஒஸ்கார் பரிந்துரைக்கும் போனது. அதே ஆள் 2005இல் ‘புரோக்பேக் மவுன்டன்’ எடுத்து இயக்குநருக்கான ஒஸ்காரை வாங்கினார்.

கடைசியில் விமான நிலையத்தில் அப்பா ஏன் இரண்டு கையையும் தூக்குகிறார்?

சோதனை போடுகிறவர் தூக்கச் சொன்னதால். அது சரணடைவது மாதிரியும் தெரிகிறது, ஆசீர்வதிப்பது மாதிரியும் தெரிகிறது. விறாந்தையில் ஒருவர் “தோத்துப்போனார்” என்றார், இன்னொருவர் “பேரனை வாங்கிக்கொண்டு வெண்டுட்டார்” என்றார். நான் இரண்டாவது ஆளோடு.

என் மகனும் இப்படி என்று எனக்குச் சந்தேகம். இந்தப் படத்தைக் காட்டலாமா?

படம் முடிந்து எல்லாரும் செருப்புத் தேடுகிற நேரத்தில் ஒருவர் மெல்லக் கேட்டது. பெயர் வேண்டாம். காட்டலாம், ஆனால் பரீட்சை வைக்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். கல்யாணப் பேச்சை ஒரு வருசத்துக்கு எடுக்காமல் விட்டாலே அவனுக்குப் பாதி மூச்சு வரும். அவன் சொல்லும் முன் மாமா, சித்தப்பா என்று ஊர் கூட்டிக் கதைக்காதீர்கள். சொன்னால், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை நாளைக்குக் கதையுங்கள்.

அடுத்து என்ன பார்க்கலாம்?

‘காதல் – த கோர்’ கட்டாயம். விசாகேச சந்திரசேகரம் 2014இல் எடுத்த ‘சயபெதி குசும’ சிங்களப் படம், இரண்டு ஆணும் ஒரு பெண்ணும் சிக்குகிற கதை, நம் நாட்டு மண். ‘ஃபனி போய்’ 2020இல் வந்தது, ஷியாம் செல்வதுரையின் நாவல். அதில் பேசுகிற தமிழைக் கேட்டுப் பல்லைக் கடிக்கத் தயாராக இருங்கள், நாவலை முதலில் வாசித்தால் தாங்கலாம். சமையலும் குடும்பமும்தான் பிடித்தது என்றால் அங் லீயின் 1994ஆம் ஆண்டு ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’. அதை மட்டும் வெறும் வயிற்றோடு பார்க்காதீர்கள். நாங்கள் காட்டும்போது ரோல்ஸும் பிளேன்ரீயும் இருக்கும், கதிரை தட்டுப்பாடு என்பதால் பாய் கொண்டுவாருங்கள்.